எல்லாம் திருப்தி

அந்தப் புத்தகத்துக்கு அரக்கு நிறத் துணி அட்டை. முதுகில் பசை காய்ந்துபோய், திறக்கும்போதெல்லாம் நெட்டி முறிக்கிற சத்தம் வரும். பெயர், பார்வையாளர் குறிப்பேடு. தாலுகா ஆபீசுக்குப் பின்னால் இருந்த சப் ஜெயிலுக்குச் சொந்தமானது. இருந்தது தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான என் மேஜையில். ஒவ்வொரு பக்கமும் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடது பக்கம் பார்வையாளர் எழுதுவதற்கு. வலது பக்கம் அதற்கு ஆபீஸ் தரும் விளக்கத்துக்கு. ஏழு வருடமாக இடது பக்கத்தில் மாதம் ஒருமுறை ஒரே வாசகம்: "பார்வையிட்டேன். எல்லாம் திருப்தி." எழுதியவர் பஞ்சாயத்து யூனியன் சேர்மன். எல்லாம் திருப்தி என்றான பிறகு விளக்கத்துக்கு என்ன வேலை? வலது பக்கம் காலியாகவே கிடந்தது.

சேர்மன் குருபரப்பள்ளிப் பக்கத்து நிலக்காரர். வீட்டில் தெலுங்கு, மேடையில் தமிழ், ஆனேக்கல் வியாபாரிகளிடம் கன்னடம். பழைய கட்சி. அதிகாரியாக இல்லாத ஒருவர் மாதாமாதம் ஜெயிலுக்குள் போய்க் கைதிகளின் நிலையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் பார்த்ததெல்லாம் என் மேஜையையும் அதன்மேல் வைக்கப்பட்ட காபியையும்தான். மேஜைக்கும் ஜெயில் கதவுக்கும் நாற்பது அடி இருக்கும். ஏழு வருடத்தில் அந்த நாற்பது அடியை அவர் நடந்ததில்லை. நானும் நடக்கச் சொன்னதில்லை.

ஆட்சி மாறிய மறு வருடம், புதுக் கட்சியின் தாலுகா செயலாளரை இன்னொரு பார்வையாளராக நியமித்து உத்தரவு வந்தது. சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து, சொந்தமாக இடம் வாங்கிச் சைக்கிள் கடை வைத்தவர். முதல் நாளே உள்ளே போனார். வெளியே வந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். ப்யூன் காதில் விழுகிற மாதிரி வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஐந்து பேர் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறார்கள். அவர்களுக்காகக் கையெழுத்துப் போட, இந்தத் தாலுகாவில் சொத்துள்ள இரண்டு பேர் கிடைக்காததே காரணம். இதைத்தான் முன்னவர் திருப்தி என்றாரா? அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற வரிகளையெல்லாம் எழுதினார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் சேர்மன் வந்தார். படித்தார். காபி வேண்டாம் என்றார். நாற்பது அடியையும் நடந்தார்.

உள்ளே ஆனேக்கல் பக்கத்து மாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். குந்தாரப்பள்ளிச் சந்தைக்குத் தன் இரண்டு எருதுகளை ஓட்டி வந்தவர், வழியில் விற்பனைச் சீட்டில்லாமல் ஒரு காளையை வாங்கியிருக்கிறார். அது திருட்டுக் காளை என்று வழக்கு. மூன்று மாட்டையும் போலீஸ் பிடித்தது. அவருக்கு ஜாமீன் கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். அங்கே இருக்கும் சொந்தபந்தத்தின் சொத்து இங்கே செல்லாது. குற்றம் நிரூபணமானாலும் அவ்வளவு நாள் தண்டனை கிடைத்திருக்காது. எருதுகள் தாலுகா ஆபீஸ் வளாகத்துப் புளியமரத்தடியில் கட்டியிருந்தன. அவற்றின் மணிச்சத்தம் உள்ளே கேட்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்துலகு நீள்ளு பெட்டாரா?" மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று. தீனி போட்டு மாளவில்லை என்று மாடுகளை ஏலம் விட மாஜிஸ்திரேட் உத்தரவிட்டிருந்தார். அதற்குள் வெளியே வந்து மனு போட்டால், தன் இரண்டையும் மீட்கலாம். ஏலத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

செயலாளருக்குத் தெலுங்கு தெரியாது. எத்தனை பேர் உள்ளே என்பது அவருக்குத் தெரிந்தது. யார் எதற்காக என்பது சேர்மனுக்குத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் அந்த மாட்டுக்காரரோடு பேசிவிட்டு வந்தவர், நேராகப் புளியமரத்தடிக்குப் போய் ஒரு எருதின் வாயைப் பிளந்து பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல் பார்ப்பதைப் போல. ஜன்னல் வழியாக அதை நான் பார்த்தேன். பார்த்ததைச் சரியாகப் புரிந்துகொண்டதாகவும் நினைத்தேன்.

"ஏம்ப்பா குமாஸ்தா, ஜாமீனுக்கு ரெண்டு ஆள்தானே வேணும்? நான் ஒண்ணு. அந்தச் சைக்கிள் கடைக்காரனை வரச்சொல்லு."

"அவருங்களா?"

"நான் தனியா நின்னா, திருடனுக்குக் கைகுடுத்த சேர்மன்னு சந்தைக்குச் சந்தை மைக் போட்டுப் பேசுவான். அவனும் கூட நின்னுட்டா எந்த வாயால பேசுவான்?"

செயலாளர் கடையில் ரிம் ஒன்றைச் சுற்றவிட்டபடியே கேட்டுக்கொண்டார். "அவரு என்னைக் கூப்புடறாருன்னா உள்ளுக்குள்ள என்னமோ இருக்குதுங்க சார். மொதல்ல அவரு போடட்டும், நான் பொறவு போடறேன்." சேர்மனின் பதிலும் அதேதான். கடைசியில் என் மேஜையில், ஜாமீன் நிற்கச் சம்மதம் என்ற கடிதம் இரண்டு பிரதி, இரண்டு பேனா. ஆளுக்கொன்றில் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்வது என்று முடிவானது.

"மாலை மாத்தற மாதிரி," என்றார் சேர்மன்.

"யாருங்க பொண்ணு?" என்றார் செயலாளர். இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அதே உட்காரலில், சின்னக் குற்றங்களில் ஜாமீன் கிடைத்தவர்களை அவரவர் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும், எல்லைக்கு அப்பாலுள்ள ஜாமீன்தாரரையும் ஏற்க வேண்டும் என்று சர்க்காருக்கு ஒரு கூட்டு மனுவும் எழுதினார்கள். ஒவ்வொரு வரியையும் ஒருவர் எழுத, மற்றவர் அதில் பொறி இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தார்.

ஜாமீன் நிற்பவருக்குச் சொத்து இருப்பதாகத் தாலுகா ஆபீஸ் சான்று தர வேண்டும். அந்தக் கோப்பும் என் மேஜைதான். செயலாளருக்கு மறுநாளே கொடுத்தேன், ஆளும் கட்சி. சேர்மனுடைய மனுவில் ஒரு சர்வே எண்ணுக்குப் பட்டா இன்னும் அவர் தகப்பனார் பெயரிலேயே இருந்தது. மீதி நிலமே பத்துப் பேருக்கு ஜாமீன் நிற்கப் போதும். ஆனாலும் கேள்வி எழுப்பி, கிராமக் கணக்கு பார்க்கும் கர்ணத்தின் அறிக்கைக்கு அனுப்பினேன். ஏழு வருடம் திருப்தியாக இருந்தவர் ஒரே நாளில் ஏன் மாறினார்? மாட்டுக்காரரை வெளியே எடுத்துக் கடனாளியாக்கி, எருதுகளைத் தன் தொழுவத்தில் கட்டப்போகிறார். ஏலம் முடிந்த பின் சான்று போகட்டும் என்று தீர்மானித்தேன். நான் கேட்டதோ முறையான கேள்வி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

ஏலத்தன்று காலை எருதுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். மணிச்சத்தம் ரோடு வரை கேட்டு, பிறகு நின்றது. சேர்மன் சந்தைக்குப் போகவில்லை. ஆபீஸ் திறந்ததும் வந்து என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் செயலாளர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சான்று கிடைத்தால் மாஜிஸ்திரேட் ஏலத்தை நிறுத்தச் சம்மதித்திருந்தார். அந்த உத்தரவைச் சந்தைக்குக் கொண்டு போகத்தான் சைக்கிள். கர்ணம் மாலூரில் கல்யாணத்துக்குப் போனவர் வரவில்லை.

பதினொரு மணிவாக்கில் சேர்மன் தனக்குத்தானே போலச் சொன்னார். "ஒரு எருதுக்குக் கடைவாய்ல புண்ணாம். ஆறிடுச்சான்னு பாருங்கன்னு சொன்னான். பாத்தேன், ஆறியிருந்துச்சு. போய்ச் சொன்னப்ப அழுதுட்டான் அந்த ஆளு."

எழுப்பிய கேள்வியைத் திரும்பப் பெறவும் நடைமுறை உண்டு. கோப்பின் ஓரத்தில் "வலியுறுத்தப்படவில்லை" என்று ஒரே வார்த்தை; தாசில்தார் பக்கத்து அறையில்தான் இருந்தார். அப்படியானால் ஏன் கேட்டாய் என்று அவர் கேட்பார். பேனாவைத் திறந்தேன். மூடினேன். ஒரு மணிக்குச் சந்தையிலிருந்து வந்த ப்யூன், மூன்றும் போய்விட்டன என்றான். வாங்கியவன் ஆந்திரா பக்கத்துத் தரகன், உடனே லாரியில் ஏற்றிவிட்டானாம்.

இரண்டு நாள் கழித்துச் சான்று வந்தது. இருவரும் கோர்ட்டில் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்த மாட்டுக்காரர் புளியமரத்தடியில் இருந்த காலி முளைக்குச்சிகளைப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனேக்கல் ரோட்டைப் பிடித்து நடந்தார்.

அன்று மாலை சேர்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நெசத்தைச் சொல்லு. ஆளுங்கட்சிச் செல்வாக்கை வச்சு அவன்தானே என் சான்றை நிறுத்தினான்?" "தெரியலீங்க," என்றேன். செயலாளரும் கேட்டார்: "சார், பட்டாவைக் காட்டி இழுத்தடிச்சது அந்த மனுசன்தானே? கடைசி நேரத்துல பயந்துட்டாரு." "சொல்ல முடியாதுங்க," என்றேன். சாகிற வரை ஒருவரையொருவர் அவர்கள் மன்னிக்கவில்லை. ஆனால் கூட்டு மனுவை இருவருமே திரும்பப் பெறவில்லை. திரும்பப் பெற்றால் மற்றவர் பேசுவாரே. அடுத்த வருடம் உத்தரவு வந்தது. எங்கள் ஜெயிலில் மட்டும் நான்கு பேர் சொந்தப் பிணையில் வெளியே போனார்கள். அதற்கான கடிதங்களை நான்தான் தயார் செய்தேன், பிழையில்லாமல்.

இப்போது ஜெயில் இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் திரும்புகின்றன. பென்ஷனுக்காக வருடத்துக்கு ஒருமுறை நான் உயிரோடிருப்பதாகக் கருவூலத்தில் சான்று தர வேண்டும். போன தடவை ஒரு இளம்பெண் என் கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று கேள்வி எழுப்பினாள். கேள்வி முறையானதுதான்.

அந்த அரக்கு நிறப் புத்தகத்தை, காலம் கடந்த பதிவேடுகளோடு அழிக்கும் பட்டியலில் சேர்த்ததும் நான்தான். அதற்குமுன் ஒருமுறை திறந்து பார்த்தேன். நெட்டி முறிந்தது. சேர்மனின் கடைசிப் பதிவு இடது பக்கத்தில்: "மாட்டுக்காரருக்கு ஜாமீன் சான்று பதினோரு நாள் தாமதம். எருதுகள் போயின. காரணம் தெரியவில்லை." அதற்கு எதிரே, ஏழு வருடம் காலியாக இருந்த வலது பக்கத்தில், என் அழகான கையெழுத்தில் ஒரே வார்த்தை: "நடைமுறைப்படி."