கரும்பு கட்டின காரில் குரங்கு பார்க்கப் போனோம்

காட்டுக் குரங்கைப் பார்க்கப் போகிறவர்கள் என்னென்ன செய்யக் கூடாது என்று நான் ஒரு நீண்ட பிரசங்கம் வைத்திருக்கிறேன். பளிச்சென்று துணி உடுத்தக் கூடாது. சத்தம் போடக் கூடாது. தின்பண்டம் கண்ணில் படவே கூடாது. போன காணும் பொங்கலன்று காலை, பனி விலகாத வாசலில் நின்று அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் இதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் எங்கள் கார், முகத்தில் இரண்டு முழுக் கரும்போடு நின்றுகொண்டிருந்தது.

அது எப்படி அங்கே வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வளவனூர் பக்கம். கரும்பும் நெல்லும்தான் பிழைப்பு. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடித்து மாலை போட்ட கையோடு, அப்பா டிராக்டருக்கும் ஒரு மாலை போடுவார், பைக்குக்கும் போடுவார். இந்த முறை புதிதாக ஒரு பழைய கார் வந்திருந்தது. முதல் பொங்கல் என்பதால் அதற்குத் தனி மரியாதை. பம்பரில் வேரைக் கட்டி, இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் வளைத்து விட்ட பன்னீர்க் கரும்பு. நடுவில் சாமந்தி மாலை, மாவிலை, மஞ்சள் கொத்து. மற்ற கரும்பெல்லாம் ஆலைக்குப் போகிறது; இது மோட்டார் கொட்டகை ஓரத்தில் பொங்கலுக்கென்றே அப்பா வைத்து வளர்க்கிற ஒரே ஒரு வரிசை. அதைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் டீ வாங்கிக் கொடுப்பார்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. கட்டினதை நாமாக அவிழ்க்கக் கூடாது. காணும் பொங்கலன்று விளக்கு வைத்த பிறகுதான் கை வைக்கலாம்.

"அப்பா, அந்தக் கரும்ப மட்டும் அவுத்துடலாம்பா."

"மாட்டுக்குக் கட்டினத இப்படித்தான் நடுவுல அவுப்பியா?"

"இது கார்பா."

"நேத்து கற்பூரம் காட்டும்போது நீயும்தான கும்பிட்ட?"

கும்பிட்டேன்தான். காரைக் கும்பிட்டது போதாதென்று அப்பா காலிலும் விழுந்து எழுந்தேன். அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிங்கவால் குரங்குகளின் பின்னாலேயே அலைந்து குறிப்பெடுக்கிற ஓர் ஆராய்ச்சிக் குழுவில் ஆறு மாத வேலை கிடைத்திருந்தது. பொங்கல் லீவு முடிவதற்குள் வருகிறேனா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார்.

"குரங்கப் பாக்க ஆறு மாசமா? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல போய் உக்காரு. அதுங்களே வந்து உன்னப் பாக்கும்."

"அதுங்க வேற, இதுங்க வேறப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் கேலி. ரசத்தில் உப்பு குறைந்தால், "நேத்து ரசம் வேற, இது வேற." அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது நான் டி.வி. மேலிருந்து எடுத்துக் கொடுத்தால், "அந்தக் கண்ணாடி வேற, இது வேற கண்ணு."

கடைசியில் நான்தான் பந்தயம் கட்டினேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், என் தோழியின் ஊருக்குப் பக்கத்தில், ஒரு கல்மலை இருக்கிறது. அங்கே கோயிலும் இல்லை, டீக்கடையும் இல்லை. அங்கிருக்கிற நாட்டுக் குரங்குக் கூட்டம் மனிதர் கையை எதிர்பார்க்காமல் ஆலம்பழமும் கொழுந்தும் பூச்சியும் தின்று கௌரவமாக வாழ்கிறது. பல தடவை போய் பைனாகுலரில் பார்த்திருக்கிறேன். "நேர்ல காட்டறேன். பாத்துட்டு சொல்லுங்க," என்றேன்.

அப்பா யோசித்தார். "சரி. நீ சொல்ற மாதிரி வேறயா இருந்துச்சின்னா, மலைக்குப் போ. அதே பஸ் ஸ்டாண்டு குரங்கா இருந்துச்சின்னா, பேசாம பி.எட். சேரு."

ஆக, அன்று மலையில் குரங்குகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில் என் ஆறு மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் விமான நிலையத்தில் செய்வது போல எல்லோரையும் சோதனை போட்டேன். அம்மாவின் பையிலிருந்து முறுக்கு. அத்தையின் பையிலிருந்து வாழைப்பழம், வடை, மறுபடியும் வாழைப்பழம். எல்லாவற்றையும், மதியச் சாப்பாட்டு அடுக்கையும் சேர்த்து டிக்கியில் வைத்துப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுத்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. பொங்கலுக்கு எடுத்த செக்கச் சிவந்த புடவையில் வந்து நின்றார்.

"அத்த, வேற கலர் கட்டிக்கினு வரலாம்ல?"

"குரங்குக்கு இன்னா சிவப்பு ஆவாதா? கிழிசலக் கட்டிக்கினு வர்றதுக்கு நான் இன்னா பஞ்சத்துலயா கீறேன்? ஏறு வண்டில, ஜல்தி."

நெடுஞ்சாலையில் பனி கலையாமல் கிடந்தது. அப்பா கம்பளிக் குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டு, கரும்புத் தோகைக்கு நடுவே ரோட்டைப் பார்த்து ஓட்டினார். மற்ற வண்டிக்காரர்கள் கல்யாணக் கார் என்று நினைத்து வழி விட்டார்கள். ஒரு வேனிலிருந்து யாரோ எட்டி உள்ளே பெண் மாப்பிள்ளையைத் தேடி, முன்சீட்டில் அத்தையைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அத்தை மயிலம் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "இங்கயே எறங்கினா சாமியும் பாக்கலாம், குரங்கும் பாக்கலாம். ஒரே செலவு."

"அதுங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த அம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கல்மலைக்கு நன்றாக முன்னாலேயே, ஏரிக்கரைப் புளியமரத்துக்குப் பின்னால் காரை மறைவாக நிறுத்தச் சொன்னேன். கரும்பு விஷயத்தில் என்னால் முடிந்த ராஜதந்திரம் அதுதான். அங்கிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் வரிசையாக நடந்தோம். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் மூவரையும் உட்கார வைத்து மலையைக் காட்டினேன்.

"அதோ அந்த ஆலமரம். அங்கதான் வரும். அசையாம இருங்க."

அசையாமல் இருந்தோம். மலையும் அசையாமல் இருந்தது. ஒரு மைனா வந்தது. மைனா போனது. வெயில் ஏறி அப்பா குல்லாயைக் கழற்றினார். நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"இதான் அந்தக் கௌரவமான கூட்டமா?" என்றார்.

"வரும்பா."

"வராதுடா தம்பி," என்றார் அத்தை அப்பாவிடம். "அதுங்களுக்கும் காணும் பொங்கல். எங்கனா சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிருக்கும்."

"அண்ணி, சும்மா இருங்க, பாவம்," என்று அம்மா சொன்னார். அந்தப் 'பாவம்' தான் எனக்கு அதிகம் வலித்தது. அம்மா மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "பி.எட்.டுக்கு பாண்டிச்சேரிலயே காலேஜ் கீது. கண்டமங்கலத்து வழியாப் போய் வந்துடலாம். பஸ் வசதி..."

அப்போதுதான் கார் அலறியது.

அந்த அலாரம் முந்தைய சொந்தக்காரர் வைத்தது. யாராவது பிடித்து ஆட்டினால் ஆம்புலன்ஸும் கோழியும் சேர்ந்து கத்துவது போலக் கத்தும். நால்வரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

நாங்கள் இவ்வளவு நேரம் குரங்குகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆலம்பழமும் கொழுந்தும் தின்று கௌரவமாக வாழ்கிற என் கூட்டம் முழுவதும் எங்கள் கார் மேல் இருந்தது. கூரை மேல், பானட் மேல், கண்ணாடி மேல். கழுத்தில் சாமந்தி மாலையோடு ஒன்று வைப்பரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அலாரம் கத்தின ஒரு விநாடி எல்லாம் சிதறின. அடுத்த விநாடி, இது வெறும் சத்தம் என்று புரிந்துகொண்டு திரும்பி வந்தன.

என் மலை, என் சிங்கவால் குரங்கு, என் ஆறு மாதம் எல்லாம் கண்ணெதிரே சக்கையாகத் துப்பப்பட்டுக்கொண்டிருந்தன.

"ஐயோ, என் வண்டி!" அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"போவாதீங்கப்பா, குட்டி வச்சிக்கினு இருக்கிற தாய்ங்க கீது, கடிச்சிடும்."

"விடு பாப்பா, கண்ணாடி போச்சின்னா?"

"முதல்ல என்ன போச்சின்னு பாருங்க," என்று பைனாகுலரை அவர் கையில் திணித்தேன். வேறு யோசனை ஒன்றும் இல்லை; அவர் ஓடாமல் இருக்க ஏதாவது ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பா சேதாரம் பார்க்கத்தான் ஆரம்பித்தார். சாவியை நீட்டி அலாரத்தை நிறுத்தினார். "வைப்பர் வளைஞ்சிடுச்சி... மாலை போச்சி... இன்னாது, டேய்..." அப்புறம் பைனாகுலரின் திருகை மெதுவாகத் திருகினார். குரல் தணிந்து வந்தது.

"தே பாரு. அடிக்கரும்புல வாய வைக்குது."

"இன்னாங்க?" என்றார் அம்மா.

"நுனிய விட்டுட்டு அடியில கடிக்குதுடி. பல்லால தோலை எப்படி உரிக்குது பாரு. நம்ம மாப்பிள்ளைக்கு இன்னும் இது வரல." எங்கள் அக்கா வீட்டுக்காரர் கரும்பைக் கத்தியால் துண்டு போட்டுத் தின்பது அப்பாவுக்கு ஆறாத குறை.

"நல்ல கரும்புப்பா," என்றேன் எச்சரிக்கையாக.

"பின்ன? ருசி தெரிஞ்சவனுங்க."

அதற்கப்புறம் பைனாகுலர் என் கைக்கு வரவே இல்லை. நடக்கிறதை அப்பா வானொலி போல எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று சைடு கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துப் பல்லை இளித்து, பின்பக்கம் போய் அந்த ஆளைத் தேடுகிறது. தலையில் எல்லாத்துக்கும் வகிடு எடுத்த மாதிரி முடி. காது கிழிந்த ஒருவன்தான் பெரியவன். அவன் வந்தால் மற்றதெல்லாம் இடம் விடுகிறது.

"கன்னம் வீங்கிப் போச்சு பாரு, பல்லு வலியா?"

"உள்ள பை இருக்குப்பா. அடைச்சிக்கினு போய் பின்னாடி நிதானமா தின்னும்."

"அட!" என்றார் அத்தை. "நம்ம கல்யாண வூட்டு ஆளுங்க மாதிரி."

வெயில் உச்சிக்கு வந்தது. பசி வந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் சாப்பாடு மொத்தமும் டிக்கியில். டிக்கி மேல் ஒரு தாய்க் குரங்கு குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டி வைத்த புத்திசாலி நான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அத்தை மட்டும் சத்தம் காட்டாமல் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். வேக வைத்த மல்லாட்டை. நான் பையைத்தான் சோதித்தேன், மடியைச் சோதிக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே ஒன்றை உடைத்து வாயில் போட்டார். நான் கையை நீட்டினேன்.

"அங்க தின்னுதே, அந்தக் குரங்கு வேற, நாம வேற," என்று சொல்லி ஒரு பிடி கொடுத்தார்.

அப்பா மட்டும் எதையும் தின்னவில்லை. "பாப்பா, இங்க வா. அந்தப் பொடிசு இருக்குதே, பெரியவன் கண்ணாடியப் பாத்துக்கினு இருந்த நேரத்துல அடிக்கரும்பத் தூக்கிடுச்சி. பெரியவன் பாத்துட்டான். நல்லாப் பாத்தான். அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கினு போய்ட்டான். ஏன் அடிக்கல?"

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் வரிசையாக மனதில் வந்தன. அவன் பிள்ளையாக இருக்கலாம். தாய் செல்வாக்கானவளாக இருக்கலாம். வயிறு நிறைந்திருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"தெரியலப்பா. தினமும் கூடவே இருந்து பாத்தாதான் தெரியும். அதுக்குத்தான் ஆறு மாசம்."

அப்பா மறுபடியும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டார். என்னிடம் கொடுக்கவில்லை.

கரும்பு தீர்ந்ததும் கூட்டம் ஏரிக்கரை வழியாக அமைதியாகக் கிளம்பிப் போனது. அம்மா, "பசி பேஜாரு பண்ணுது, வாங்க," என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அப்பா எழுந்தார். காரில் மிச்சம் இருந்தது கயிறும் முடிச்சும்தான். பானட் முழுக்கச் சக்கை.

"விளக்கு வைக்கறதுக்கு முன்னாடியே போச்சேடா," என்றார் அத்தை.

அப்பா வளைந்த வைப்பரை நிமிர்த்தினார். "நாமளா அவுக்கலக்கா. அது கணக்குல வராது."

திரும்பும் வழியெல்லாம் என் விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. நானாகக் கேட்கப் பயமாக இருந்தது. பந்தயப்படி பார்த்தால் நான் தோற்றவள். வேறாக இருக்கும் என்றேன். பஸ் ஸ்டாண்டு குரங்கு கூட இப்படி ஒரு காரைத் தோலுரித்திருக்காது. திண்டிவனம் வந்தது. பி.எட். விண்ணப்பம் எப்போது போட வேண்டும் என்று போனில் தேட ஆரம்பித்தேன்.

விக்கிரவாண்டி டோலில் ஊர் திரும்புகிற கூட்டம். வண்டிகள் ஊர்ந்தன. கொய்யாப்பழக் கூடையோடு வந்த ஓர் அம்மாள், எங்கள் கார் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா சார் இது, யாரு தின்னது?"

"குரங்கு," என்றார் அப்பா, ஏதோ விருந்தாளி பெயரைச் சொல்வது போல. "எம் பொண்ணு குரங்குதான் படிக்குது. மேக்கால மலைக்கு ஆறு மாசம் போவுது."

போனைக் கீழே வைத்தேன். அம்மா என் முழங்காலை அழுத்தினார்.

கொய்யா அம்மாள் பின்சீட்டில் குனிந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குரங்கப் பாக்க ஆறு மாசமா? ஏன் சார், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுலயே கீதே."

அப்பா முழு உடம்பையும் ஜன்னல் பக்கம் திருப்பினார். முன்னால் வண்டி நகர்ந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

"அதுங்க வேறம்மா," என்றார் கோபமாக, "இதுங்க வேற."