பெயர்ப்பலகை இல்லாத வாட்டர் கூலர்

அவரை எல்லோரும் கூலர் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிவாசல் முன்னால், பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பள்ளிக்கூடச் சுவரோரத்தில் என்று ஊரில் இலவசமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்கும் வாட்டர் கூலர்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. வீட்டில் அவர் மனைவி மட்டும் அந்தப் பெயரை ஒப்புக்கொள்வதில்லை. பேருதான் கூலர், ஆள் ஹீட்டர் என்பாள்.

அந்தக் கூலர்கள் பெரும்பாலும் இறந்தவர்கள் பெயரில் சதகாவாக வைக்கப்பட்டவை. தகப்பனோ தாயோ மௌத்தாகிவிட்டால், நின்றுபோகாத தர்மம் ஒன்று அவர்களுக்காக ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று பிள்ளைகள் தண்ணீர் வைப்பார்கள். முகம் தெரியாத யாரோ ஒரு வாய் குடித்தாலும் அதன் நன்மை கபுர்க்குழியில் இருப்பவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. கூலரின் நெற்றியில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு இருக்கும். இன்னாருக்காக வைக்கப்பட்டது, அவருக்காக துஆ செய்யுங்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

கூலர் பாய் வேலை பார்த்த கடையில் இதற்கென்று ஒரு முறை உண்டு. புதுக் கூலரை மாட்டியதும் முதலில் நிறையும் தண்ணீரை அப்படியே கொட்டிவிட வேண்டும். புதுத் தொட்டியின் வாடை அதில் இருக்கும். அடுத்து நிறையும் தண்ணீரில் முதல் குவளையை மெக்கானிக்தான் குடிக்க வேண்டும். வாடை போயிருக்கிறதா, போதுமான அளவு குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. குடித்தவன் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று கடையின் பழைய முதலாளி சொல்லி வைத்திருந்தார். தகட்டில் இருப்பவருக்காகக் கையேந்தி துஆ கேட்ட பிறகே கூலரை ஒப்படைக்க வேண்டும். பழுது பார்க்கப் போனாலும் இதே முறைதான். பழைய முதலாளி போய்ச் சேர்ந்து, அவர் பெயரிலேயே மார்க்கெட்டில் ஒரு கூலர் நிற்கிற காலம் வந்த பிறகும் இந்த வழக்கம் நின்றுபோகவில்லை.

இதனால் கூலர் பாய்க்கு இறந்தவர்கள் மிகவும் பழக்கமாகிவிட்டார்கள். கூலரை இடத்தை வைத்து அவர் சொல்லமாட்டார். தகட்டில் இருப்பவரை வைத்துத்தான் சொல்வார். "பல் டாக்டர் ஒழுகுறாரு," என்பார். "வாத்தியாருக்கு மூச்சு வாங்குது, கண்டென்சர் பூரா தூசி." துணிக்கடைக்காரரின் மாமியார் மட்டும் எத்தனை தடவை சரிசெய்தாலும் மறுபடி ஆள் அனுப்பிவிடுவார். இருந்த காலத்திலும் அந்தம்மா அப்படித்தான் என்று துணிக்கடைக்காரரே அலுத்துக்கொண்டார். சோறு போட்டபடி இதையெல்லாம் கேட்கும் மனைவி, உயிரோடு இருக்கிறவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பாள்.

அந்தப் பேச்சு ஒரு காலத்தில் சிரிப்பில் முடியும். பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகன். தகப்பனிடம் கூலருக்குக் கேஸ் அடிக்கக் கற்றுக்கொண்டு, சரக்குக் கப்பலில் குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவன். நடுக்கடலில் ஒரு காலை அவன் சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். வந்த வழியே கப்பலைத் திருப்பிக்கொண்டு போயும் தேடினார்களாம். கம்பெனிக்காரர் போனில் இதைச் சொன்னபோது மிகவும் மரியாதையாகச் சொன்னார். இறந்துவிட்டான் என்ற வார்த்தை அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. அந்த மரியாதையைத்தான் கூலர் பாய் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மகனுக்குப் பதிலாக அவனுடைய பை வந்தது. யாரோ துவைத்து மடித்து வைத்த உடுப்புகள், சவரச் சாமான், போன் சார்ஜர். இடுப்பில் கட்டிக்கொள்ளும் டூல்ஸ் பை மட்டும் இல்லை. அதைக் கொண்டு அவர் ஒரு கணக்குப் போட்டார். டூல்ஸை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்றால் எங்கோ வேலை செய்யப் போயிருக்கிறான். ஏதோ கோபம், ஏதோ மனத்தாங்கல், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிவிட்டான். வருவான். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவறி விழுந்திருந்தாலும் டூல்ஸ் இடுப்பில்தானே இருந்திருக்கும் என்று மனைவி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழாதது போலச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஆனால் அவருடைய வேலை அவரைச் சும்மா விடவில்லை. தண்ணீர் குடிக்கக் குனியும்போது இளவயது ஆண்கள் எல்லோரும் பின்னாலிருந்து ஒன்றுபோலவே இருப்பார்கள். காலர் சற்றுப் பின்னால் இறங்கி, முடி வெட்டிய கோடும் பிடரி எலும்பும் தெரியும். கையில் ஸ்பானருடன் கூலரை நோக்கி நடக்கும்போது அந்தப் பிடரியைக் கண்டு அவர் அப்படியே நின்றுவிடுவார். அவன் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பும்வரை நிற்பார். பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் தாங்கமாட்டாமல் ஒருவனின் தோளைத் தொட்டே விட்டார். திரும்பியவன் யாரோ. குழாயைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, நன்றாக இருந்த குழாயைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு தொழுகை விரிப்புகள் கிடக்கும். தொழுது முடித்ததும் இருவரும் மகனுக்காகக் கையேந்துவார்கள். அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று அவர் கேட்பார். அவனை மன்னித்துவிடு, அவன் மேல் இரக்கம் காட்டு என்று அவள் கேட்பாள். சின்ன வீடு, முணுமுணுத்தாலும் காதில் விழும். ஒருவர் கேட்பதை மற்றவர் அழித்துக்கொண்டே இருப்பதாக அவருக்குப் படும். அவர் குரலை உயர்த்துவார். அவள் தாழ்த்திக்கொள்வாள். ஆனால் நிறுத்தமாட்டாள்.

ஊரில் எல்லோரும் வைக்கிறார்களே, நம் பிள்ளைக்கும் ஒரு கூலர் வைக்கலாம் என்று அவள் கேட்டது ஒரே ஒரு முறைதான். "உயிரோட இருக்கறவன் பேர்ல தகடு அடிக்கச் சொல்றியா?" என்றார் அவர். சற்றுக் கழித்து, தண்ணியில தொலைஞ்சவனுக்குத் தண்ணியையே வைக்கணுமா என்றும் கேட்டார். அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நர்சுகளின் சீருடையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தச் சமயத்திலிருந்து தையல் மெஷினில் கூடுதல் நேரம் உட்கார ஆரம்பித்தாள். காரணத்தை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள், ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் உட்காரும் கூடத்தில் புதுக் கூலர் ஒன்றை மாட்டிவிட்டு வரும்படி முதலாளி அனுப்பினார். பழைய முதலாளியின் மகன் இவர். தகடு கிடையாது, கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் புதுமையில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள்.

அன்று வேலை சுத்தமாக முடிந்தது. மட்டம் பார்த்து நிறுத்தினார். முதல் தண்ணீரைக் கொட்டினார். குளிர் ஏறியதும் குவளையைப் பிடித்துக் குடித்தார். பெயர் இல்லாதவர்களுக்கு அவர் எப்போதும் துஆவைக் கொஞ்சம் நீட்டியே கேட்பார். பெயரை வாசித்துக் கேட்க வேறு யாரும் வரப்போவதில்லை அல்லவா. அன்றும் அப்படித்தான் கேட்டார்.

இராச் சாப்பாட்டின்போது வழக்கம்போல அன்றைய கூலர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பெயர் போடாத ஒருவருக்கு மாட்டினேன், பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"என்ன துஆ கேட்டீங்க?"

எப்போதும் கேட்பதுதான் என்றார். அவள் விடவில்லை; சொல்லுங்க என்றாள். அவரும் சொன்னார். "யா அல்லாஹ், இது யாருக்குன்னு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவரை மன்னிச்சிடு. அவரோட கபுரை விசாலமாக்கு, அதுல வெளிச்சத்தைக் கொடு."

"ஆமீன்," என்றாள் அவள்.

இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தில் வைத்து அப்படியே இருந்தாள். ஊரார் பிள்ளைக்கு யாரும் அப்படி ஆமீன் சொல்வதில்லை. அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரு வச்சது அது?"

"நான்தான்."

அவளே சொன்னாள். "உங்க வாயால ஒரு தடவை கேட்டாப் போதும்னு இருந்துச்சுங்க. நான் எத்தனை கேட்டாலும் தகப்பன் கேக்குற மாதிரி ஆகுமா?"

"என்னை வச்சே அவனைப் புதைச்சிட்டியே," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கை கழுவ எழுந்தவர், கழுவாமலே வாசலில் போய் நின்றார்.

மறுநாள் பள்ளிவாசல் கூலரைப் பார்க்கும் சாக்கில் இமாமிடம் போனார். கேட்ட துஆவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார். திரும்ப வாங்க அது கடைச் சாமானா என்று சிரித்த இமாம், பாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டார். விஷயத்தைக் கேட்டு முடித்து, உயிரோடு இருப்பவர் பெயரிலும் சதகா கொடுக்கலாம், மன்னிப்பும் எல்லோருக்கும் வேண்டியதுதான் என்று எடுத்துச் சொன்னார். பிறகு, "உங்க மகன் எங்க இருக்காருன்னு உங்களுக்கும் தெரியாது, வீட்ல அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவன்கிட்டதானே கேட்டிருக்கீங்க," என்றார்.

மன்னிப்பு சரி. ஆனால் கபுரை விசாலமாக்கு என்று கேட்டாரே, அதை எங்கே கொண்டு வைப்பது? வேலைக்கு நடுவில், ஒரு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் வந்தது. கடலைக் காட்டிலும் விசாலமான கபுர் எது? அவர் கேட்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அது கொடுக்கப்பட்டு முடிந்ததோ? தொட்டியில் முழங்கைவரை விட்டிருந்த கையை உதறிக்கொண்டு எழுந்தார். அன்றைக்கு அதன் பிறகு தண்ணீரில் கை வைக்க அவரால் முடியவில்லை.

அதிலிருந்து வீட்டுத் தொழுகையில் அவர் குரல் கேட்கவில்லை. கை ஏந்தியிருக்கும், உதடு அசையாது. அவளும் தன் பங்குக்கு நிறுத்திவிட்டாள். ஒன்றுக்கொன்று எதிராக வந்த இரண்டு முணுமுணுப்பும் போய், அந்தக் கூடத்தில் ஒன்றுமே கேட்காதது இருவருக்கும் அதைவிடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிப் பக்கம் அவர் போகவே இல்லை. அங்கே தூசி தட்டுகிற முறை வந்தபோது தள்ளிப்போட்டார். ஃபில்டர் மாற்றுகிற முறை வந்தபோது, புது ஃபில்டர் இன்னும் வரவில்லை என்றார். வாத்தியாரையும் பல் டாக்டரையும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது, அதுவும் வெந்நீராக வருகிறது, காய்ச்சல்காரர்கள் வெளியே கடையில் வாங்கிக் குடிக்கிறார்கள் என்றார்கள். முதலாளி வேறு மெக்கானிக்கை அனுப்பட்டுமா என்று கேட்டார். வேறு ஒருவன் அதைத் திறப்பதை நினைத்துப் பார்த்ததும், நானே போறேன் என்றார்.

கூடத்தில் நல்ல கூட்டம். பின்பக்க மூடியைக் கழற்றினார். கண்டென்சரில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. ஃபில்டரை வெளியே எடுத்தால் களிமண் உருண்டை மாதிரி இருந்தது. எல்லாம் அவர் வராததால் சேர்ந்தது. பிரஷ்ஷால் தட்டி, ஊதி, புது ஃபில்டரைப் போட்டு, தொட்டியைக் கழுவி, குளிரும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கம்ப்ரெசர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது.

பிளாஸ்டிக் பாட்டிலுடன் ஒரு பெண் வந்து நின்றாள். வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் கிடக்கிறார், தண்ணி தண்ணி என்கிறார், இப்போது பிடிக்கலாமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறும்மா, முதல்ல நான் குடிச்சுப் பாக்கணும் என்று குவளையைப் பிடித்தார். குளிர் சரியாக இருந்தது. வாடை இல்லை. குடித்துவிட்டுக் கையை ஏந்தப் போனவர், பாதியில் நின்றார். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கொண்டுவந்து சேர் என்பதா, மன்னித்துவிடு என்பதா. இரண்டும் தொண்டைவரை வந்து ஒன்றையொன்று மறித்துக்கொண்டன.

அந்தப் பெண் கூலரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வச்சதுண்ணே இது? பேரே போடலையே."

"என் மகனுக்காக வச்சது."

"தவறிட்டாரா?"

வருவான் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவர் வாயைத் திறந்தார்.

"தெரியலம்மா," என்றார்.

அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் அதற்கு மேல் எதையும் கிளறவில்லை. பாட்டிலைக் குழாய்க்கு நேராகப் பிடித்து, நிறையும்வரை யோசித்துக்கொண்டே நின்றாள். மூடியைத் திருகியபடி, "எங்க இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தாகம் இல்லாம இருக்கட்டும்ணே," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

பாதியில் நின்ற கைகள் அவர் முகத்துக்கு வந்தன. ஆமீன் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, மூடியைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததை மனைவியிடம் சொன்னார். அந்தப் பெண் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தையையும் மாற்றாமல் சொன்னார். தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள். இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். சொன்னார். அவள் அதைத் தன் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"அந்தம்மா வீட்டுக்காரருக்கு என்னவாம்?" என்று பிறகு கேட்டாள். நாமும் அவருக்கு துஆ கேக்கணுமே என்றாள்.

அதை விசாரிக்காமல் வந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.