செயலியை நீக்கப் போன நாள்

கல்லூரித் திட்டத்துக்காக உணவு ஆர்டர் செய்யும் செயலி ஒன்றை நாங்கள் உருவாக்கினோம். அதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர் எங்கள் லகாட் ஊரில் ஒரே ஒரு உணவகக்காரர்தான். மருதாணிச் சிவப்புத் தாடி, கட்டம் போட்ட கைலி, எந்நேரமும் சுளித்த முகம். நண்பர்கள் ஆர்டர் அனுப்பும்போதெல்லாம் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு என்னைத் திட்டுவார்.

"பசிச்சா நடந்து வரட்டும்லா! கால் இல்லையா? வேற வேல கெடைக்கலயா ஒனக்கு?"

திட்டிக்கொண்டேதான் அவர்கள் கேட்ட மீ கோரேங் நூடுல்ஸைச் சட்டியில் பிரட்டுவார். ஒரு நாள்கூட என்னை உட்காரச் சொன்னதில்லை.

மதிப்பெண் வந்ததும், இனி ஏச்சு கேட்க வேண்டாம் என்ற நிம்மதியோடு கடைசியாகப் போனேன்.

"போனக் குடுங்கண்ணே, செயலிய எடுத்துடறேன். இனிமே அதுல யாரும் ஆர்டர் பண்ண மாட்டாங்க."

அவர் கைப்பேசியைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எத எடுக்கப் போற? அதுல என் கடை பேரு இருக்கு. என் கடைய மூட நீ யாரு? வெளிய போம்மா!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிய வெளியே வந்தேன். அவருக்குப் பிடிக்காதது செயலியா, நானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.