நடுத்திட்டில் ஒரு வெளிநாட்டுக்காரர்

காலை எட்டு மணிக்கு இளவரசு இளநீரைத் துடைக்கிறார். ஒட்டியிருக்கும் மணலைப் பனியன் ஓரத்தால் எடுத்துவிட்டு, சீவிய வாயில் ஒரு நீலநிற ஸ்ட்ராவைச் செருகி, மடிக்கணினிக்கு இடப்பக்கம் வைக்கிறார். கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்து நிறுத்திவிட்டு ஓடி வந்து உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி உறிஞ்சுகிறார். படம் விழுகிறது. இளநீரில் தண்ணீர் இல்லை. வாங்கியது ஞாயிற்றுக்கிழமை, அன்றே குடித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு வரைக்கும் அதே காய்தான் படத்துக்கு வரும்.

"உள்ள ஒண்ணும் இல்லாததப் போயி இன்னாத்துக்கு தம்பி உறிஞ்சற?" என்று, அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி இருசம்மாள் தினமும் கேட்கிறாள். நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்பதால் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

நடுத்திட்டில் தென்னை கிடையாது. கிள்ளைக்குக் கிழக்கே, சுரபுன்னைக் காட்டுக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டு அது. எண்பது வீடு, சவுக்கு, சீமைக்கருவேலம், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடம். வெப்பமண்டலத் தீவு என்றால் தென்னை இருந்தாக வேண்டும் என்பது இளவரசின் கட்சி. ஆகவே ஞாயிறுதோறும் துறையில் படகேறி, கரையில் பஸ் பிடித்து, சிதம்பரம் தெற்கு வீதியில் இளநீர் வாங்கி, மறுபடி பஸ், மறுபடி படகு. கடலில் மீன் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோகிறவர்கள், கரையிலிருந்து தீவுக்குக் காய் கொண்டுவருகிறவரைப் படகில் இடம் விட்டு உட்காரவைத்து வேடிக்கை பார்ப்பார்கள்.

வயது முப்பத்தாறு. காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் சென்னைக் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷ வேலை. அலுவலகத்தில் 'இளா'. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போனார்கள். இளவரசின் சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். அங்கே மாடியறையும் மின்விசிறியும் நல்ல நெட்வொர்க்கும் உண்டு. 'கடலூரில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் படகில் கால் மணி நேரமும் பயணம் செய்து, தீவுவாசி ஆகிவிட்டார். அம்மாவிடம் துணி துவைக்கக் கொடுப்பதற்கு மாதம் இரண்டு முறை நாடு திரும்புகிறார்.

அவர் பொய் சொன்னதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரே அழுத்திச் சொல்கிறார். அலுவலகக் குழுவில் 'தீவு வாழ்க்கை' என்று மட்டும் எழுதினார். "பாலியா இளா?" என்று கேட்டவர்களுக்குச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார். "மாலத்தீவா?" என்றவர்களுக்கும் அதே பொம்மை. பொம்மை பார்த்துக்கொண்டது.

நெட்வொர்க் கிடைக்கும் ஒரே இடம் புயல் கட்டட மொட்டைமாடி. பெண்கள் கருவாடு காயவைக்கும் இடமும் அதுதான். நெத்திலிக்கும் காரைக் கருவாட்டுக்கும் நடுவே நாற்காலி போட்டு, காக்கைக்கு ஒரு கையை ஓங்கிக்கொண்டே மறு கையால் தட்டச்சு செய்கிறார். வீடியோ அழைப்பு வந்தால் பின்னணிக்கு ஒரு படம் போட்டுக்கொள்வார். நீலக் கடல், வெள்ளை மணல், வளைந்த தென்னை. நிஜக் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்க, அதை மறைத்து ஒரு கடல் படம் போடுகிற மனிதரை இந்தக் கடற்கரை இதற்குமுன் கண்டதில்லை.

திட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கும் கரைக்கும் ஆள் ஏற்றிப் போக இருப்பது ஒரே படகு, கோல் ஊன்றித் தள்ளுவது. அதற்குத் தனியாக ஆள் கிடையாது. தலைக்கட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுத் தள்ளுவார்கள். வந்த முதல் மாதமே இளவரசை ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் சாமிக்கண்ணு, "நீயும் இங்கதான ஒலை வைக்கிற. முறையில பேரு எழுதிக்கிறேன்" என்றார்.

இளவரசு சிரித்தார். "நான் இங்க குடியிருக்கிறவன் இல்லீங்க. டெம்ப்ரவரியா வந்துட்டுப் போற ஆளு."

அதை அப்படியே நோட்டில் எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, அன்று தப்பித்ததை நினைத்து இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் தங்கி வாடிக்கையாளர் தகவல்களைக் கையாள்வது பெரும் குற்றம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இந்தியாவில் இருப்பதை நிரூபிக்காவிட்டால் வேலை இல்லை. கையெழுத்து, மனிதவளத் துறை ஜான்சி. கூடவே ஒரு இணைப்பு, ஐந்து மாதத்துப் படங்களும் வரிசையாக. போதாததற்கு, வெளிநாட்டுப் படம் பார்ப்பதற்காக அவர் கணினியில் போட்டிருந்த ஒரு செயலி, அவர் சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பதாக ஐந்து மாதமும் காட்டிக்கொண்டிருந்தது.

கேலியை இங்கே கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும். பதினோரு வருஷம் அந்த ஒரே வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர், மாடியில் கருவாட்டுக்கு நடுவே அரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். காக்கைகள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போயின. பிறகு ஜான்சிக்குப் போன் செய்து, "மேடம், நான் இந்தியாவுலதான் இருக்கேன், கடலூர் மாவட்டம்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து ஐந்து மாதத்தில் முதல் முறையாக வந்தது. "எல்லாரும் இப்ப அப்படித்தான் சார் சொல்லுவாங்க. அந்த ஊர்ல குடியிருக்கீங்கன்னு லெட்டர் வாங்கிக்குங்க. வெள்ளிக்கிழமை வீடியோல காட்டுங்க" என்றாள் ஜான்சி.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினார். ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்தால் தானும் கையெழுத்துப் போடுவதாக அவர் சொன்னார். புதன் மாலை சாமிக்கண்ணு முன்னால் நின்றார் இளவரசு. ஐந்து மாதமாக 'ஏங்க' என்று கூப்பிட்டவரை அன்றைக்கு மாமா ஆக்கிக்கொண்டார்.

"மாமா, நான் அஞ்சு மாசமா இங்கதான் குடியிருக்கேன்னு ஒரு கடுதாசி வேணும்."

சாமிக்கண்ணு அவசரப்படவில்லை. நோட்டை எடுத்துவரச் சொல்லி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "மேற்படி இளவரசு, இந்த ஊர்ல குடியிருக்கிறவரு இல்ல. வந்துட்டுப் போற ஆளு." நோட்டைத் திருப்பிக் காட்டினார். "இது ஒன் கையெழுத்துதான? இத்த வச்சிக்கினு நான் எப்பிடி அத்த எழுதறது?"

"தெரியாம சொல்லிட்டேன் மாமா."

"தெரிஞ்சுதான் சொன்ன. அது கெடக்குது. குடியிருக்கிறவன் முறை பாப்பான். நாளைக்குத் துறையில நில்லு. பொழுது சாய கடுதாசி தரேன்."

வியாழக்கிழமை உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லிவிட்டு, வாழ்நாளில் அதிகம் வியர்த்தார் இளவரசு. முதல் நடையில் மீன் கூடைகளோடு சந்தைக்குப் போகும் பெண்கள் ஏறினார்கள், இருசம்மாளும் அதில் இருந்தாள். "கோல ஊணித் தள்ளிட்டு ஒடனே புடுங்கிடு. புடிச்சிக்கினு நிக்காத" என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் நின்றார். கோல் சேற்றில் இருந்தது, இளவரசு கோலில் இருந்தார், படகு மட்டும் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்தவரைப் பார்த்துப் படகே குலுங்கச் சிரித்தார்கள். இருசம்மாள் சிரிக்கவில்லை. கையைக் கொடுத்து ஏற்றி, "எல்லாருக்கும் மொதல்ல இப்பிடித்தான். தோ பாரு, எங்கூட சேந்து தள்ளு" என்று மறுபக்கம் நின்று ஒரு கோலை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் நண்டு விற்கப் போகவில்லை. பதினாலு நடை. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கடைசி நடையில் படகு நேராகப் போனபோது இளவரசுக்குத் தன்னை நினைத்துப் பெருமையாக இருந்ததும் உண்மை.

சாமிக்கண்ணு சொன்ன வாக்கு தவறவில்லை. 'மேற்படியார் எங்கள் ஊரில் குடியிருந்து வருகிறார், முறையும் பார்க்கிறார்' என்று எழுதி, பழைய பக்கத்தை அவர் கண்ணெதிரிலேயே குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பின்னணிப் படம் இல்லாமல் அழைப்பில் வந்தார் இளவரசு. அலுவலரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டினார், கருவாட்டைக் காட்டினார். மாடியிலிருந்தே கைப்பேசியைத் துறைப் பக்கம் திருப்பிப் பெரிதாக்கினார். படகின் பக்கப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் பெரிய எழுத்து: நடுத்திட்டு, சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

ஜான்சி வாய்விட்டுச் சிரித்தாள். "சார், நான் பண்ருட்டி. இது கிள்ளைக்கு அந்தாண்டதான? பாலின்னு நெனச்சு இங்க எத்தினி பேரு வயிறெரிஞ்சாங்க தெரியுமா?" பிறகு, "வேலைக்கு ஒண்ணும் பிரச்சன இல்ல சார். ஆனா ஊரு ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் படகோட ஒரு போட்டோ அனுப்புங்க, கம்பெனி மாத மடல்ல போடலாம். நானூறு பேரு பாப்பாங்க" என்றாள்.

செய்தி திட்டு முழுக்கப் பரவிவிட்டது. நடுத்திட்டின் பெயர் சென்னையில் நானூறு பேர் பார்க்கிற புத்தகத்தில் வரப்போகிறது. திங்கட்கிழமை காலை இருசம்மாள் குடத்தோடு துறைக்கு வந்தாள். பலகையில் காய்ந்திருந்த சேற்றைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாக வெளுத்து வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, முந்தானையால் ஒற்றி எடுத்து, படத்தில் தான் விழக் கூடாது என்று படகின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இளவரசு கைப்பேசியைச் சாய்த்து நிறுத்திப் பார்த்தார். திரையில் மூன்று வரியும் பளிச்சென்று தெரிந்தன.

"ஊரு பேரு வுழுவுதா தம்பி?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"நல்லா வுழுவுதும்மா" என்றார் இளவரசு. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மூன்று வரியும் மறையும்படி பலகைமேல் தொங்கவிட்டு, காற்றுக்குப் பறந்துவிடாமல் இரண்டு முனைகளையும் இழுத்துச் செருகினார்.