“தடங்கல் ஒண்ணும் இல்ல சார்”

“ஒரு பேர் வேணும் சார். ஒரே ஒரு பேர்.”

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரபு என்னிடம் இப்படிக் கேட்டார். சங்கரன்கோவிலில் ஒரு உரக்கடைக்கு மேலே, மாடியில், ஒன்பது பேரை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர். பெங்களூரில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். சத்தம் போட்டே பேச மாட்டார். அன்றைக்கு அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

ஏன் வெளிறாது? குருவிகுளம் பக்கத்து விவசாயி ஒருவர் அந்த நேரத்தில் திருநெல்வேலியில் ஐ.சி.யூ.வில் கிடந்தார். அவர் அங்கே போய்ச் சேர்ந்ததில் எங்கள் சாஃப்ட்வேருக்குப் பங்கு உண்டு.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் வேறு எதையெதையோ எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் விசிட்டிங் கார்டில் ‘அஜைல் கோச்’ என்று போட்டிருக்கும். விசில் எல்லாம் கிடையாது. சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஆறு மாசம் கழித்து “முடிச்சுட்டோம்” என்று வந்து நிற்கக் கூடாது. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சேர்ந்து செய்து, வாராவாரம் காட்ட வேண்டும். அப்படிப் பழக்குவதுதான் என் வேலை. அதில் ‘ஸ்டாண்ட்-அப்’ என்று ஒரு சடங்கு உண்டு. தினமும் காலையில் பத்து நிமிஷம், எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டே பேச வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடங்கல் — மூன்றே கேள்வி.

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் மற்ற இரண்டும்.

பிரபுவின் ஆபீஸுக்கு ஏழு மாசமாகப் போகிறேன். திங்களும் வெள்ளியும்.

அங்கே சீனியர், கோமதிநாயகம் அண்ணாச்சி. ஐம்பது வயசு இருக்கும். ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர். அந்த ஒன்பது பேரில் பாதிப் பேருக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். சென்டரை மூடிய பிறகு, புதிதாக எல்லாவற்றையும் படித்து, பிரபுவிடம் புரோகிராமராகச் சேர்ந்தார். அந்த வயசில் அது லேசுப்பட்ட காரியமா?

ஜெபக்கனி — எல்லாருக்கும் ஜெபா — டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. இருபத்தேழு வயசு. மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. கணவர் கப்பலில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிற நிலைமை இல்லை. படித்த படிப்புக்கு ஊரில் அவளுக்கு இருப்பது அந்த ஒரு மாடிதான். அவளும் அண்ணாச்சியிடம் கம்ப்யூட்டர் படித்தவள்.

நான் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம். ஸ்டாண்ட்-அப்பில் ஜெபாவிடம் தடங்கல் என்ன என்று கேட்டேன். “ஒரு பார்ட் இன்னும் வரல சார்” என்று இழுத்தாள்.

“யார் பார்ட்? பேரைச் சொல்லுங்க. இங்க கூச்சமே கூடாது.”

அவள் தரையைப் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில், “அண்ணாச்சியோடது” என்றாள். சத்தமே வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன். “சூப்பர்! இப்படித்தான் வெளிப்படையாப் பேசணும்” என்றேன். அப்படியே அண்ணாச்சி பக்கம் திரும்பி, “ஏன் முடியல அண்ணாச்சி? எல்லாருக்கும் சொல்லுங்க” என்றேன்.

அண்ணாச்சி சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார். அவரிடம் படித்த பிள்ளைகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மெதுவாக, “நாளைக்கு முடிச்சிருதேன்” என்றார். முடித்தும் விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வட்டத்தில் தடங்கல் என்ற பேச்சே இல்லை. எல்லாரும் வரிசையாக, “தடங்கல் ஒண்ணும் இல்ல சார்”, “தடங்கல் ஒண்ணும் இல்ல சார்”. தடங்கல் உள்ள வேலைக்குச் சுவர் போர்டில் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். அதுவே கிடையாது, எல்லாம் பச்சை. நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். ‘இரண்டே மாசத்தில் தடங்கல் பூஜ்யம்’ என்று இதே பக்கத்தில் பெருமையாக எழுதினேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். ஒன்பது பேர் சேர்ந்து வேலை பார்க்கிற இடத்தில் ஒருத்தருக்குக்கூடத் தடங்கல் இல்லையா... அது எப்படி என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

இப்போது அந்த விவசாயி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் டீம் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு சாஃப்ட்வேர் செய்திருந்தது. யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மெஷின் என்று முதல் நாள் சாயங்காலம் போனுக்கு மெசேஜ் போகும். கிழமை மாறினாலும் போகும். ஒரே ஆளுக்கு ஒரே மெசேஜ் இரண்டு தடவை போகிறது என்று புகார் வந்தது. அதனால் அண்ணாச்சி, ‘ஒரு நம்பருக்கு ஒரு மெசேஜ்’ என்று திருத்தி எழுதினார். நியாயமான திருத்தம்தானே?

ஆனால் குருவிகுளம் பக்கம் ஒரு ஊரில் இரண்டு நோயாளிகள். கிழமை வேறு வேறாக இருந்தாலும், பஸ் நிறுத்தம் வரை இருவரும் வருவது ஒரே ஆட்டோவில்தான். இருவருமே தங்கள் நம்பர் என்று அந்த ஆட்டோக்காரர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். நம் ஊர்ப் பக்கம் இது சகஜம். விளைவு — முதல் ஆளுக்கு மெசேஜ் போகும், இரண்டாவது ஆளுக்குப் போகாது. அந்த இரண்டாவது ஆள்தான் நம் விவசாயி.

இதை ஜெபா ஒரு திங்கட்கிழமை காலையில், ஸ்டாண்ட்-அப்புக்குக் கொஞ்சம் முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். நோட்டில் எழுதியும் வைத்தாள்: ‘ஒரே நம்பர், ரெண்டு பேர்னா ரெண்டாவது மெசேஜ் போகல. அண்ணாச்சி கல்யாணம் முடிஞ்சு வந்ததும் தனியாச் சொல்லணும்.’

அண்ணாச்சி அன்று லீவ். புதன்கிழமை அவர் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், இவர் தாய்மாமன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமனுக்கு எத்தனை வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனுஷனைக் கூப்பிட்டு, “உங்க வேலையில தப்பு” என்று எப்படிச் சொல்வது? பிரபுவிடம் சொன்னால் போட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும். வட்டத்தில் சொன்னால்... வட்டத்தில் சொன்னால் என்ன ஆகும் என்றுதான் அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே.

அன்று காலை நான் அவளுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். “தடங்கல்?” என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “தடங்கல் ஒண்ணும் இல்ல சார்” என்றாள். நான் டிக் அடித்தேன்.

அன்று சாயங்காலம்தான் அந்த விவசாயியின் புதன்கிழமை முறை செவ்வாய்க்கு மாறியது. ஆட்டோக்காரர் நம்பருக்கு மற்றவரின் மெசேஜ் போனது, இவருடையது போகவில்லை. அவர் வழக்கம்போல புதன்கிழமை வந்து நின்றார். மெஷின் எதுவும் காலி இல்லை. மறுநாள் வரச் சொன்னார்கள். அன்று ராத்திரிக்குள்ளேயே மூச்சு முட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜெபா தானாகவே அந்த நோட்டைக் கொண்டுவந்து பிரபு மேஜையில் வைத்தாள். தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“டயாலிசிஸ் சென்டர் டாக்டர் எழுத்துல கேக்காரு சார். யாரால ஆச்சுன்னு எழுதிக் குடுக்கணும். பாருங்க, திங்கக்கிழமையே தெரிஞ்சிருக்கு, சொல்லல. இந்தப் பிள்ளைய நான் எப்படி வச்சிக்கிட முடியும்?” என்றார் பிரபு.

ரிப்போர்ட் எழுத வேண்டியது நான். வெளி ஆள், நடுநிலையான ஆளாம்!

எழுதினேன். ஜெபாவின் பேரை எழுதினேன். மறைக்க மாட்டேன். ‘தெரிந்தும் தெரிவிக்கவில்லை’ என்று டைப் அடித்தேன். அந்த வரியோடு அவள் வெளியே போனால் இன்னொரு இடத்தில் டெஸ்டர் வேலை கிடைக்குமா? கிடைக்காது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. எழுதியது பொய் இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணாச்சி உள்ளே வந்தார். கல்யாண வீட்டு மருதாணிகூட விரலில் அழியவில்லை.

“தம்பி, பேருதான வேணும்? எம்பேர எழுதிக்கிடுங்க” என்றார் பிரபுவிடம்.

“உங்களுக்குத் தெரியவே தெரியாதே அண்ணாச்சி...”

“தெரியாதுன்னு எப்படிச் சொல்லுதீங்க? திங்கக்கிழம மத்தியானம் அந்தப் புள்ள எனக்கு போன் போட்டா. ‘வேலையெல்லாம் நல்லபடியா நடக்கா அண்ணாச்சி’ன்னு கேட்டா. பந்தல்காரன் வந்தாச்சான்னு கேட்டா. பொறவு பேசாம இருந்தா. பந்தல்காரன விசாரிக்கவா போன் போடுவா? என்னமோ சொல்ல வாரான்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் கேக்கல. ‘சரிம்மா, வைக்கேன்’னு வச்சுட்டேன்.”

“ஏன் கேக்கல?” என்றார் பிரபு.

அண்ணாச்சி விரலில் இருந்த மருதாணியைத் தேய்த்தார்.

“என்னத்தச் சொல்ல... அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் நின்னேன்லா. எனக்கு அந்த வேல வெளங்கல தம்பி. புதுசு. வெளங்கலன்னு யார்ட்ட போய்க் கேக்க? நான் சொல்லிக்குடுத்த பிள்ளைய கிட்டயா? அதுல இருந்து, வேலையில தப்புன்னு ஒரு பேச்சு வந்தாலே நான் ஒதுங்கிருதேன். அதான் கேக்கல.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடித்ததை அழித்தேன். என் பேரை எழுதினேன். பேசச் சொல்லிக்கொடுக்க வந்தவன், பேசியவளையும் பேசப்பட்டவரையும் ஒரே நாளில் ஊமையாக்கிவிட்டான் என்பதை நடந்தது நடந்தபடி எழுதினேன். பிரபு இரண்டு தடவை படித்தார். “இதக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க” என்றார். ஆனாலும் அப்படியே அனுப்பினார். டாக்டர் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இனிமே இது எப்படி நடக்காமப் போகும்?” ஜெபாவின் வேலை தப்பியது.

விவசாயியும் பிழைத்தார். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அண்ணாச்சியும் ஜெபாவும் நானும் பார்க்கப் போனோம். கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. ஜெபா நடந்ததை எல்லாம் சொன்னாள். சாஃப்ட்வேர், நம்பர், மெசேஜ் — அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முன்னாடியே தெரியும்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா தாயி” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் அந்த ஒன்பது பேரும் உட்கார்ந்து தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருவர் வேலையில் தப்பைக் கண்டால், கண்ட நிமிஷமே அவரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். அவர் கல்யாண வீட்டில் இருந்தாலும் சரி, துஷ்டி வீட்டில் இருந்தாலும் சரி. கேட்டவர் அதை வட்டத்தில் தானே சொல்ல வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, பேர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் போட்டு உடைத்துவிட வேண்டும். பெரியவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாது என்பது நம் ஊர்க் குணம். அதை மூடத்தனம் என்று நினைத்து நான் உடைக்கப் பார்த்தேன். அவர்கள் அதை வைத்தே வேலை நடத்துகிறார்கள். நான் படித்த எந்த டிரெயினிங்கிலும் இது இல்லை.

இப்போது போர்டில் சிவப்புச் சீட்டு ஏழெட்டு தொங்குகிறது. பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை கிளம்பும்போது ஜெபா வந்தாள். “சார், தனியா ஒரு நிமிஷம்.”

நின்றேன்.

“அண்ணாச்சிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாம்லா?”

“ஆமாம்மா. கேட்டுட்டேன். ரிப்போர்ட் எழுதுன அன்னைக்கே.”

“எங்க வச்சு சார்?”

“கீழ... மாடிப்படில.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் சொன்னாள்: “அன்னைக்கு வட்டத்துல நாங்க எல்லாரும் நின்னோம் சார்.”

அவ்வளவுதான். “வாரேன் சார்” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தத் திங்கட்கிழமை காலை. வட்டம். என் முறை வந்தது. இதுவரை எனக்கு முறை என்று ஒன்று இருந்ததே இல்லை, நான் கேட்கிற ஆள். ஆரம்பித்த வாக்கியத்தை இரண்டு தடவை பாதியிலேயே விட்டேன். கடைசியில் எப்படியோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அண்ணாச்சியைப் பார்த்து, எல்லார் காதிலும் விழ. அண்ணாச்சி, “சரி சரி, விடுங்க சார். அடுத்தாளு சொல்லுங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எல்லார் முன்னாலும் தைரியமாகப் பேசுங்கள் என்று பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்... அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று இந்தத் திங்கட்கிழமைதான் தெரிந்தது!