வெளியால் ஒரு படி

பக்கீர் முகைதீன் மேசன் இந்தச் சாய்ந்தமருது ஊரில் எத்தனை வீட்டுக்கு மேல்மாடி போட்டார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் வீதியில் மட்டும் ஒன்பது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் என் வீட்டு மாடியையும் அவரிடம்தான் கொடுத்தேன். அதனால் அவருடைய கையையும் தெரியும், வாயையும் தெரியும். கை சுத்தம். வாய்தான் இப்போதுள்ள பிள்ளைகளை விடாது.

"எங்கட காலத்துல கலவை கையால குழைச்சம். மண்ணைத் தலையில வெச்சி ஏணியில ஏத்தினம். இப்ப பட்டனை அமத்தினா மிசின் சுத்துது. அதுக்கும் பொடியனுக்கு நாரி, இடுப்பு எல்லாம் நோகுதாம்."

இதை அவர் சொல்லாத நாள் இல்லை. வேலைக்கு வரும் பொடியன்கள் தலையாட்டிக்கொண்டே போன் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணத்துக்கு வீடு கட்டுவதில்லை. கட்டிய வீட்டுக்குள் வருவான். வீடு பெண்ணின் பெயருக்கு உறுதி எழுதப்படும். பெற்றவர்கள் அதே வளவில் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். பக்கீர் முகைதீனும் அப்படி வந்தவர்தான். எண்பத்தெட்டாம் ஆண்டு, இருபத்து மூன்று வயதில், ஒரு சூட்கேசோடும் மேசன் கரண்டியோடும் சித்தி லைலா என்ற பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். ஓட்டு வீடு, கிணறு, பன்னிரண்டு பேர்ச் நிலம் கொண்ட வளவு. பிறகு வளவில் பாதி மனைவியின் தங்கைக்குப் போனது. 2004இல் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. மிஞ்சிய ஆறு பேர்ச்சில் அவரே திரும்பவும் கட்டினார்.

மூத்த மகள் அஸ்மியாவின் கல்யாணத்தோடு கீழ் வீடு அவள் பெயருக்குப் போனது. தகப்பனும் தாயும் பக்கச் சுவரோடு ஒட்டி, ஏழடி அகலத்தில் கூரைக்குச் சீற் போட்ட ஓர் அறைக்கு மாறினார்கள். இளையவள் நுஸ்ஹாவுக்கு மேல்மாடி என்று முடிவு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக, எட்டு வருஷம் கட்டினார். ஊரில் எல்லோருக்கும் படியை வெளியால் வைத்த மனிதர், தன் வீட்டில் மட்டும் அஸ்மியாவின் முன்கூடமான ஹோலுக்குள் வைத்தார். அப்போது நுஸ்ஹா பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. ராத்தாவின் ஹோலுக்குள்ளால் தங்கச்சி ஏறுவதில் என்ன இருக்கிறது? அந்தத் தங்கச்சிக்கும் ஒரு மாப்பிள்ளை வருவார் என்பது படி கட்டிய அன்று அவருக்கு நினைவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது மேசனுக்கும் பொருந்தும் என்று வீதியில் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நுஸ்ஹாவுக்கு இப்போது இருபத்தேழு. பட்டம் முடித்து நாலு வருஷமாக அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறாள். அதுவரை ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். இரண்டு சம்பந்தம் வந்து கலைந்துபோனது. மூன்றாவதாக வந்தவன் அஸ்பாக். கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவனைப் பிடித்திருக்கிறது என்று நுஸ்ஹா உம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

போன மாதம் அஸ்பாக்கின் தாய் ஆயிஷா உம்மா, இரண்டு பெண்களோடு வீடு பார்க்க வந்தார். ஹோலில் அஸ்மியாவின் மாப்பிள்ளை மசூர் இடுப்பில் சாரன் மட்டும் உடுத்து டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் மேலே ஏறும்போது எழுந்து அறைக்குள் ஓடினார். அவர்கள் இறங்கும்போது இன்னொரு தரம் ஓடினார்.

"வீடு நல்லம்," என்றார் ஆயிஷா உம்மா, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு. "ஆனா எங்கட மகன் வேலையால வந்தா, ஒவ்வொரு நாளும் மதினிட ஹோலுக்குள்ளாலயா ஏறுற? மூத்த மருமகனுக்கும் கரைச்சல், இவனுக்கும் வெக்கம். வெளியால ஒரு படி வெச்சாக் கதைப்பம்."

அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வெளியால் படி வைக்க இடம் வேண்டும். முன்னால் வீதி, பின்னால் வடிகான், என் வீட்டுப் பக்கம் ஒன்றரை அடி. பக்கீர் முகைதீன் டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் அளந்தார். மறுநாளும் அளந்தார். டேப் ஒரே பதிலைத்தான் சொன்னது: அவரும் சித்தி லைலாவும் படுக்கிற அறையை உடைத்தால் படி வரும். உடைக்காவிட்டால் மூன்றாவது சம்பந்தமும் போகும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒன்றரை அடிதான் என்றேனே, காது கொடுக்காமலே எல்லாம் கேட்கும். அன்று அவர் கத்தியது காது கேளாதவனுக்கும் கேட்டிருக்கும்.

"நான் ஒரு சூட்கேசோட வந்தன். படி எங்க, கதவு எங்க எண்டு கேட்டனா? இப்ப உள்ள மாப்பிள்ளைமாருக்குத் தனிப் படி வேணுமாம்."

"உங்களுக்கு லேசு வாப்பா," என்றாள் நுஸ்ஹா. "நீங்க வரக்குள்ள வீடு இருந்த, கிணறு இருந்த, பன்னிரண்டு பேர்ச் இருந்த. நானும் அவரும் சாகும் வரைக்கும் உழைச்சாலும் இந்த ஊருல மூணு பேர்ச் வாங்க ஏலா."

"லேசா? மூட்டை சுமந்த தோள் இது. என்ன கதை கதைக்கிறாய்?"

குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த சித்தி லைலா அப்போதுதான் வாய் திறந்தார். அதிகம் பேசாத பெண். அவருடைய குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஓம், லேசுதான். நீங்க வந்த அண்டு எங்கட வாப்பா எங்க படுத்தார் எண்டு தெரியுமா?"

"குசினிக்குள்ள. ரெண்டு பேரும் குசினிக்குத்தானே மாறினாங்க."

"குசினிக்குள்ள உம்மாக்கும் தங்கச்சிக்கும்தான் இடம் இருந்த. வாப்பா கிணத்தடியில ஓலைப் பந்தலுக்குள்ள படுத்தார். மழை பெஞ்சா பள்ளிவாசல் விறாந்தையில. பதினாலு வருஷம், மௌத்தாகும் வரைக்கும்."

"மாமா சுபஹுக்கு முந்தியே பள்ளிக்குப் போற மனிசன். நல்ல அமல்காரர், வணக்கசாலி எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்."

"அமல்காரர்தான். ஆனா நீங்க எழும்பி வெளிய வந்தா அவர் படுத்த இடத்தக் காணுவீங்க எண்டுதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வேளைக்கே போறவர். மாப்பிள்ளைக்கு மனம் நோகும், சொல்ல வேணாம் எண்டார். நீங்களும் ஒரு நாளும் கேக்கல்ல."

அடுத்த நாலு நாள் பக்கீர் முகைதீன் வேலைக்குப் போகவில்லை. வீதியில் கண்டபோது சலாம் சொன்னார்; இப்போதுள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம் ஏன் என்று யோசித்தேன். என் மாமனார் எங்கே படுத்தார் என்று நானும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் அஸ்பாக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். மேல்மாடியைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சீற் அறையின் கதவைத் திறந்தார். ஒரு கட்டில், ஒரு தகர அலுமாரி, ஆணியில் சித்தி லைலாவின் மருந்துப் பை. மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும்.

"தம்பி, நானும் அவவும் இதுக்குள்ளதான் படுக்கிற. இத உடச்சித்தான் உங்களுக்குப் படி. உடைக்கத்தான் போறன், அதுல மாத்தமில்ல. நீங்க தெரியாம ஏறக் கூடாது எண்டுதான் காட்டுறன்."

அஸ்பாக் அறையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு சாதாரணமாக, நேரம் கேட்பது போல் கேட்டான்:

"அப்ப நீங்களும் மாமியும் எங்க படுப்பீங்க?"

பொடியன்களுக்குச் சொல்ல எந்த நேரமும் பதில் வைத்திருக்கிற மனிதர் கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அழுதார். அஸ்பாக் பயந்துபோனான். தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து என்னைப் பார்த்தான். பிழையில்லை என்று தலையசைத்தேன்.

"மேல ரெண்டு அறை இருக்குத்தானே," என்றான் அவன், மெதுவாக. "ஒண்டுல நீங்க இருங்க. அது சரி எண்டா உடைங்க. இல்லாட்டி நான் மதினிட ஹோலுக்குள்ளாலயே ஏறுறன்."

ஆயிஷா உம்மாவுக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. புது மாப்பிள்ளையும் மாமனும் ஒரே கூரைக்குள்ளா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மகன் விட்டுக்கொடுக்கவில்லை. பெருநாள் கழித்து நிக்காஹ் என்று நாள் வைத்தார்கள்.

மறு சனிக்கிழமை அறையை உடைத்து, அடுத்த கிழமை கொங்கிறீட் படிக்குப் பலகை அடித்தார் பக்கீர் முகைதீன். படிக்கு ஏழு அங்குல உயரம் வைப்பதுதான் அவர் வழக்கம். ஊர் முழுக்க அப்படித்தான், என் வீட்டிலும் ஏழுதான். இதற்கு ஆறு வைத்தார். அதனால் மூன்று படி கூடிப்போய், அடிப்படி வீதி ஓரம் வரைக்கும் வந்து நின்றது. ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"அவக்கு முழங்கால் நோவு, ஏற ஏலா," என்றார், தலை நிமிராமல்.