இந்தா, இப்படித்தான்

பாளையம்பட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறேன். என் சிவப்புப் பேனா விடைத்தாள்களில் அதிகம் எழுதிய சொல் 'வேக்' (vague). 'உன் ஊரைப் பற்றி எழுது' என்றால், 'என் ஊர் ஓர் இடத்தில் இருக்கிறது, அங்கே சிலர் வசிக்கிறார்கள்' என்று எழுதி வைப்பார்கள். ஓரத்தில் 'வேக்' என்று எழுதி அடிக்கோடு போடுவேன். தெளிவில்லை, வழவழா கொழகொழா என்று பொருள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. மானாவாரிக் காட்டில் பிறந்தவர்கள். மழை வருமா என்று கேட்டால் 'பாப்போம்' என்பதுதான் இங்கே நாணயமான பதில். அதையே கல்யாணத்துக்கு வருவீர்களா என்றாலும், இரவல் வாங்கின இட்லிச் சட்டியை எப்போது தருவாய் என்றாலும் சொல்லிப் பழகிவிட்டோம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்புகிறவரை 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. அவர் வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்ப வேண்டும். ஆனால் கேட்காமலும் இருக்க முடியாதே, வாய் நமநமக்குமே. அதனால் 'தூரமா?' என்பார்கள். 'இந்தா, இப்படித்தான்' என்று பதில் வரும். காசிக்குப் போகிறவரும் அதையே சொல்வார், கடைக்குப் பீடி வாங்கப் போகிறவரும் அதையே சொல்வார். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

என் அப்பா இந்தப் பதிலில் கரை கண்டவர். எம்.ரெட்டியபட்டியில் பருத்தியும் கம்பும் போட்டுக்கொண்டிருந்தவர், அம்மா போன பிறகு காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட ஆரம்பித்தார். சாப்பிட்டதை மறந்தார். எப்போதோ செத்துப்போன மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாச்சா என்று விசாரித்தார். அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் அப்பாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வயசாகுதுல்ல டீச்சர். கொஞ்சம் வேக்கா இருக்காக. பாத்துக்கங்க."

"எதைப் பாக்கணும் சார்?"

"பொதுவா."

ஒரு டாக்டருக்கு ஓரத்தில் 'வேக்' போட்டு அடிக்கோடு இழுக்க நான் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

வந்த கோபத்தில் வீட்டிலிருந்த தடித்த அகராதியை எடுத்தேன். இத்தனை காலம் பிள்ளைகள் தலையில் கொட்டிய சொல்லுக்குப் பூர்வீகம் எது என்று பார்த்ததே இல்லை. லத்தீனில் அதற்கு அலைதல், ஓரிடத்தில் நில்லாமல் திரிதல் என்று பொருளாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் அலைகிற ஆளை விட்டுவிட்டு அலைகிற பேச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு முகத்தில் ஏறி, எங்கோ பார்க்கிற பார்வைக்கும் பெயராகிவிட்டது. ஊர் ஊராகத் திரிகிறவனைச் சொல்லும் 'வேகபாண்ட்' அதற்குப் பங்காளி. எல்லை தாண்டி அலைவது என்று பிறந்து இப்போது ஊதாரிச் செலவைக் குறிக்கிற 'எக்ஸ்ட்ராவகன்ட்' இன்னொரு பங்காளி. மூளையிலிருந்து இறங்கி வயிறு வரைக்கும் சுற்றிக்கொண்டு போகிற நரம்புக்கும் 'வேகஸ்' என்றுதான் பெயர். மொத்தத்தில் இருப்புக் கொள்ளாத குடும்பம். டாக்டர் சொன்னதை நான் புது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். அப்பா பழைய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது, அப்பாவைக் காணோம். தெருமுனைக் கடைக்காரரிடம் ஓடினேன்.

"இப்பத்தான டீச்சர் போனாக."

"இப்பன்னா எப்ப?"

"காலையில. பால் வந்த பெறகு."

"எந்தப் பக்கம்?"

மோவாயைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் பாதி ஜில்லா அடங்கும்.

"எங்க போறீகன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்படிக் கேப்பாகளா டீச்சர்? தூரமான்னு கேட்டேன். இந்தா, இப்படித்தான்னாக."

பூக்காரம்மாவும் 'தூரமா' என்று கேட்டிருந்தார். ஷேர் ஆட்டோக்காரரும் கேட்டிருந்தார். தெருவே மரியாதை குறையாமல் என் அப்பாவை வழியனுப்பி வைத்திருந்தது. எங்கே போகிறாய் என்று நேரடியாகக் கேட்க இந்தப் பக்கத்தில் உரிமை உள்ள ஒரே ஆள் பஸ் கண்டக்டர். கடைசியில் அவர்தான் துப்புக் கொடுத்தார். "வேட்டி கட்டுன பெரியவரா? எங்கன்னு கேட்டேன், சும்மா சிரிச்சாக. நானே திருச்சுழின்னு டிக்கெட்டக் கிழிச்சுட்டேன்."

கிணறு, கண்மாய், லாரி என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு திருச்சுழி போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஆச்சரியமாகத் திரும்பி, "நீயும் இப்பிடித்தான் வந்தியாத்தா?" என்றார்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போனாலும் நெஞ்சு வீட்டு வாசலிலேயே கிடந்தது. கதவைப் பூட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்து தட்டித் தட்டி அவர் கை வீங்கிவிட்டது, அப்புறம் பூட்ட மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் கிடைப்பார் என்று என்ன நிச்சயம்?

காப்பாற்றியது எதிர்வீட்டு அக்கா. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், சகுனமெல்லாம் சாத்தான் வேலை என்பவர். ஒரு காலையில் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியதும், அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கய்யா போறீக?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

"கேட்டியா? போற காரியம் வெளங்குனாப்புலதான்" என்று அப்பா கத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் காலியாவதற்குள் கிளம்பியதே அவருக்கு மறந்துபோனது.

நான் தெருவையே கையெடுத்துக் கும்பிட்டேன். தயவுசெய்து கேளுங்கள், சகுனத்தடை செய்யுங்கள் என்றேன். "பாவத்தத் தூக்கி என் தலையில வைக்கிறீகளே டீச்சர்" என்று கடைக்காரர் புலம்பினார். புலம்பிக்கொண்டே கேட்கவும் செய்தார், கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவோ தினமும் சந்தோஷமாகவே கேட்டார். அவர் அருப்புக்கோட்டைக்குக் கிளம்பும்போது மட்டும், என்னைக் கண்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார். எங்கே நான் கேட்டுத் தொலைத்துவிடுவேனோ என்று பயம். இப்படியாக எங்கள் தெருவின் ஒட்டுமொத்த அபசகுனத்தில் என் அப்பா பத்திரமாக இருந்தார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். தெருவைத் தாண்டி அப்பா எதிரே வந்தார். இன்றைக்கு எல்லோரையும் எப்படியோ தப்பி வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் வழியை மறித்து நின்று, வாத்தியார் குரலில், "எங்க போறீக?" என்றேன். திட்டுக்குக் காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்நியருக்குக் காட்டுகிற மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

"எம் மக வீட்டுக்குத் தாயி. பாளையம்பட்டில இருக்கா. இங்கிலீசு டீச்சரு. இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்துருப்பா."

அப்பா ஆயுசில் சொல்லி நான் கேட்ட முதல் தெளிவான பதில் அது. யார், எந்த ஊர், என்ன வேலை, எல்லாம் இருந்தது. சிவப்புப் பேனா தொட ஓர் இடமில்லை. 'அப்பா, நான்தான்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தூரமா?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. இந்தா, இப்படித்தான்."

"நானும் அந்தப் பக்கந்தான் வாரேன்" என்று அவர் கையைப் பிடித்து வீட்டைப் பார்க்கத் திருப்பினேன். கூடவே நடந்தார். வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள வா தாயி. எம் மக இருப்பா. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ."

உள்ளே போய் இரண்டு பேருக்கும் காப்பி போட்டேன்.